வாசலைத் தின்ற சுவர்

2005 ஆடியில், அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பீர் முகைதீன் நிறுத்திக்கொடுத்த சுவர், மருந்து அறையின் இரண்டு வாசல்களையும் தின்றுவிட்டது. ஒரேயடியாக இல்லை. ஆனியில் தொடங்கி, நாளைக்கு ஒரு நெல்மணி அகலம் என்று, அவசரமில்லாமல் தின்றது. அந்தச் சமயம் விருதுநகரில் மிளகாய் வத்தல் விலை இறங்கியிருந்ததால் ஊர்ப் பேச்சு அதைச் சுற்றியே இருந்தது. சுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறையில் வேலைபார்த்த பெண்கள் முதலில் நேராகப் போய்வந்தார்கள், பிறகு தோளைச் சாய்த்துக்கொண்டு, பிறகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில். போர்மேன் மொக்கைச்சாமி வந்து பார்த்து, ஒல்லியான ஆட்களாகப் பொறுக்கி அந்த அறைக்கு மாற்றினார். வள்ளித்தாயை மட்டும் அவரால் வெளியே எடுக்க முடியவில்லை. பருத்த உடம்புக்காரிதான், ஆனால் குழாயில் மருந்து செலுத்த அவள் கை மாதிரி இன்னொரு கை அந்த வட்டாரத்தில் கிடையாது. காலையில் இரண்டு பேர் அவளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள், சாயங்காலம் இரண்டு பேர் வெளியே தள்ளிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். உரசல் பட்டு மருந்து தீப்பிடித்த அன்று மற்றவர்கள் ஒருக்களித்து நழுவி மண்ணில் விழுந்து உருண்டார்கள். அவளைத் தள்ளிவிட ஆள் இல்லை.

பீர் முகைதீன் எண்ணெய், பருப்பு, மல்லி என்று மூன்று வியாபாரம் செய்து மூன்றிலும் தோற்றவர். “அசையிற சரக்கு நமக்கு ராசியில்ல, அசையாத சரக்கா விப்போம்” என்று சொல்லி ஆமத்தூர் விலக்கு ரோட்டில் சிமெண்டு ஸ்லாப் வார்க்கும் களம் போட்டார். ஒரு ஸ்லாப்பின் விளிம்பில் நாக்கு, அடுத்ததன் விளிம்பில் பள்ளம்; ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, கலவை பூசாமலே சுவர் நிற்கும். வடிவம் அவரே போட்டது. பொருத்தில் எறும்பு நுழையாது என்பது அவர் பெருமை. நுழைந்தால் அந்த எறும்புக்குப் பிரியாணி என்று ஆர்டர் பிடிக்கப் போகிற இடமெல்லாம் சொல்லுவார். சிமெண்டு விரியும், பொருத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று ஒரு கொத்தனார் சொன்னபோதும், “விரியட்டும்யா, வளர்ற பிள்ளைய யாரு தடுக்கா” என்றுதான் சிரித்தார். வள்ளித்தாய் போனபின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது. அவர் கேலிபேசுவதை நிறுத்தியது கடைத்தெருவுக்கு ஒரு நஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு.

தீப்பிடித்த மறுநாள் அதிகாரிகள் அளந்தபோது வாசல்கள் இரண்டும் சட்டம் சொன்ன அகலத்தில் இருந்தன. கரிபிடித்த சுவர் சமர்த்தாகத் தன் அளவுக்குத் திரும்பியிருந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று ஆனது. துக்க வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன பீர் முகைதீன், வள்ளித்தாயின் புருஷன் நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் சுவராலயா நாகையா?” என்று கேட்டார். நாகையா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “நேரம் பாய். வெயில்ல நிக்காதீக, பந்தலுக்குள்ள வாங்க” என்றார்.

அதன்பின் பீர் முகைதீன் அந்தச் சுவரைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. கம்பெனி முதலாளி, செங்கலைவிட மலிவு என்று அதே அறைக்கு அதே ஸ்லாப்பைத்தான் மறுபடி கேட்டார். வள்ளித்தாயின் மகள் ஓவியா பத்தாவதை முடித்துவிட்டு அம்மா உட்கார்ந்த அதே அறைக்கு வேலைக்கு வந்தாள். அந்தப் பெண் உள்ளே இருக்கும்போது வாசல் சுருங்கக் கூடாது. பீர் முகைதீன் நாக்கைக் குட்டையாக்கி, பள்ளத்தை ஆழமாக்கி, இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு முதலில் சுவர் எதனால் நீளுகிறது என்று தெரிய வேண்டும். மொட்டை மாடியில் ஸ்லாப்பை வெயிலில் கிடத்தினார், மழையில் ஊறவைத்தார், அடியில் விறகடுக்கி எரித்தார். மயிரிழை நீண்டது. மயிரிழைக்கு யாரும் சாவதில்லை. மொக்கைச்சாமியிடம் கேட்டால், “வெயிலு பாய், வேற என்ன” என்றார். மழை பெய்யும்போது கேட்டால், “ஈரம் பாய், வேற என்ன” என்றார். மனைவி பைரோஜா மட்டும், “டெய்லரு உங்க சட்டைக்கு ரெண்டு விரக்கடை விட்டுத்தான் தைக்காரு. உங்க தொந்தி என்ன வெயில்லயா பெருத்துச்சு?” என்று கேட்டுவிட்டு மீனை அலசப் போனாள். புருஷனைக் கேலி செய்கிறாள் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

2006 தீபாவளிக்கு முன் டியூப் நசுங்கி, இடைவெளி மூடி, சுவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் இடைவெளியை இரட்டித்தார். 2007இல் அதையும் மூடியது. சீசன் ஏற ஏற நீண்டது, தீபாவளிக்கு மறுநாள் கம்பெனியைப் பூட்டியதும் சுருங்கியது, அதிகாரிகளின் ஜீப் வரும் நாளில் மட்டும் கால் மணி நேரத்தில் சொந்த அளவுக்கு வந்து நின்றது. சுவருக்குக்கூட அரசாங்கப் பயம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். ஜீப் வரும் நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பெண்கள் கூட்டமாகப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடி, புதர் மறைவில் குந்தினார்கள். ஒதுங்கப் போகிறார்கள் என்று, சுவரை அளக்க வந்து நிற்கும் பீர் முகைதீன் சட்டென முகத்தைத் திருப்பிக்கொள்வார். மரியாதைப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஆம்பிளை வேறென்ன செய்வான். மூன்று வருடமாக, ஜீப் புழுதி அடங்கும்வரை, காட்டுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

2008 ஆவணியில் அப்படி நின்றிருந்தபோது புதருக்குள்ளிருந்து ஓவியாவின் குரல் வந்தது.

“பாய், எதுக்கு எப்பப் பாத்தாலும் அந்தப் பக்கமே திரும்பி நிக்கீக?”

“நீங்க ஒதுங்கியிருக்கீக தாயி. நா எப்படி இந்தப் பக்கம் பாக்க.”

புதரெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தது. “இம்புட்டு நாளா அதுக்குத்தான் முதுகக் காட்டுனீகளாக்கும்” என்றாள் பஞ்சம்மாள் என்ற மூத்த தொழிலாளி. “நாங்கூட எங்க மேல கோவம்னுல்ல நெனச்சேன்.”

“நாங்க ஒதுங்க வரல பாய்,” என்றாள் ஓவியா. “ஒளிய வந்திருக்கோம்.”

பீர் முகைதீன் திரும்பினார். முள்ளுக்குள் தலை தலையாக இருந்தார்கள். மருந்துப் பொடி படிந்து முழங்கை வரை எல்லோருக்கும் வெள்ளிக் கை. அந்தத் தலைகளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. ஆளில்லாத அறையின் சுவர், வயிறு எக்கும் ஆள் மாதிரி, வாசலிலிருந்து மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மட்டும்தான் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். பெண்கள் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அறைக்கு எம்புட்டு பேரு தாயி?”

“ஏ புள்ள ஓவியா, வாயப் பொத்து,” என்றாள் பஞ்சம்மாள். “வேல போச்சுன்னா ஒன்ன மட்டும் அனுப்ப மாட்டாக. எல்லாரும்தான் போவணும்.”

“பாய் ஆருகிட்டச் சொல்லப் போறாரு. அவரும் இந்தக் கம்பெனி ஆர்டர்லதான கஞ்சி குடிக்காரு.” ஓவியா எழுந்து நின்றாள். “நாலு பேருன்னு சட்டம் பாய். பதினாறு பேரு உக்காருறோம்.”

“அப்ப வெயில் இல்லியா?”

“வெயிலுக்கு எதுக்கு நீளணும்? உள்ள நாங்க நெருக்கிக்கிட்டு உக்காந்தா அது நீளுது. எடம் குடுக்கத்தான் பாக்குது, பாவம். மூலையில தூணு நகர மாட்டேங்குல்ல, அதான் வாசப் பக்கமா வந்துருது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இங்கன.”

பீர் முகைதீனுக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை அவர் நாகையாவிடம் கேட்டிருக்கிறார், முதலாளியிடம் கேட்டிருக்கிறார், தொழுகைப் பாயில் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறார்.

“உங்கம்மா, என் சுவராலயா தாயி?”

“ஆமா பாய்,” என்றாள் ஓவியா. அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “உங்க சுவருதான் மறிச்சுச்சு.”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. பெண்கள் பாவாடையைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக அறைக்கு நடந்தார்கள். அவள் நாலடி போய்விட்டுத் திரும்பினாள்.

“மறுபடி மாட்டுறதா இருந்தா நாலு ஆளுக்கு எடவெளி விடாதீக. பதினாறுக்கும் விடாதீக, ஐப்பசி கிட்டக்க இன்னும் ஆளு ஏத்துவாக. இருவது ஆளுக்கு விடுங்க.”