பார்ட் வரணும்

லேப்டாப்பின் அடிமூடியில் பத்துத் திருகுகள். எட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒன்பதாவதில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றியபோது, மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"போட்டோ கிடைச்சுதா மாப்பிள்ளை?"

"இப்பதான் திறக்கறேன் அத்தை."

"மூணு மணிக்கு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிடுவாங்களாம். அதுக்குள்ள பெருசு பண்ணி ஃபிரேம் போடணும்னு உங்க மச்சான் சின்னவன் நிக்கறான். போன்ல இருக்கறதெல்லாம் புள்ளி புள்ளியா வருதாம். நல்ல படமெல்லாம் லேப்டாப்லதான் இருக்குன்னு அவளே சொல்லியிருக்கா." மாமியார் மல்லாந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். "ஊர்ல உள்ளவங்க மெஷினெல்லாம் சரி பண்றீங்க. இது மட்டும் மூணு வாரமா இப்படியே கிடக்கே."

"பார்ட் வரணும் அத்தை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று மெக்கானிக்குக்கு உறைத்தது. மூன்று வாரமாக மனைவியிடம் சொல்லிவந்த அதே பதில். நாக்குக்குப் பழகிவிட்டது.

மாமியார் வெளியே போனார். மகள் விடியற்காலையில் இறந்திருந்தாள். காலையிலிருந்து அவர் அழவில்லை. நாற்காலி போதுமா, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்; நின்றால் விழுந்துவிடுவார் போல.

அவர் சாத்தாமல் விட்டுப்போன கதவிடுக்கில் கூடம் தெரிந்தது. சோபாவின் நடுவில் ட்ராயிங் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மனைவியின் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை; மனைவி அங்கே கணக்கு ஆசிரியை. பன்னிரண்டு வருஷ சிநேகிதம். அவள் இரண்டு கையையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒருத்தி நேராக அவளிடம் போய்க் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து மெக்கானிக்கின் தோளை எத்தனையோ பேர் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

செத்தது என் பெண்டாட்டி, என்று நினைத்தார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஒன்பதாவது திருகைக் கழற்றினார்.

நேற்று மத்தியானம் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்தபடி மனைவி சரிந்தபோது ஓடிப்போய்த் தாங்கியவள் ட்ராயிங் டீச்சர். ஆம்புலன்ஸில் கூடப் போனவளும் அவள். மெக்கானிக் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மனைவிக்கு நினைவு தப்பியிருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அவள் கடைசியாகப் பேசிய பேச்சு எதுவோ, அதுவும் இவளிடம்தான்.

இரண்டு வருஷமாகவே எல்லாம் அப்படித்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனைவி இந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் ட்ராயிங் டீச்சர் நேரில் வருவாள், மறுநாள் திரையில் வருவாள். குழந்தைகளுக்கு ஏதோ கணக்குப் புத்தகம் செய்கிறார்கள் என்று பேச்சு. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து அவர் கேட்டதில்லை. கதவைத் திறந்தால் சிரிப்பு நின்றுவிடும். "டீ வேணுமாங்க?" என்பாள். விருந்தாளியிடம் கேட்பது போல இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். "ஆன் பண்ணா கறுப்பா நிக்குதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

பத்து நிமிஷ வேலை. ரேம் என்கிற மெமரித் தகட்டில் அழுக்கு. கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டியதும் திரை வந்துவிட்டது. அவளைக் கூப்பிடத்தான் வாயெடுத்தார். அப்போதுதான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. அதன் பெயர் 'நாங்க'. தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது. கல்யாணத் தேதியைப் போட்டார். தன் பெயரை, அவள் பிறந்த நாளை, மாமியார் பெயரை எல்லாம் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. புருஷன் பெயருக்குத் திறக்காத ஒன்றை அவள் வைத்திருந்தாள்.

கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "என்னாச்சுங்க?"

அவர் லேப்டாப்பை அணைத்தார். ரேமை மறுபடி கழற்றி இழுப்பறையில் போட்டார்.

"போர்டு போயிடுச்சு போல. பார்ட் வரணும்."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் அவள் கூடத்தில் இருந்தாள். இரண்டு பேரும் சீட்டாடினார்கள். அவள் மனசு சீட்டில் இல்லை, உள்ளறையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பறித்து வைத்துக்கொண்ட பொருளில் ருசி தெரியவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் போய்விட்டது.

பத்தாவது திருகும் வந்தது. இழுப்பறையிலிருந்து ரேமை எடுத்து மாட்டி, பொத்தானை அழுத்தினார்.

கறுப்பாகவே நின்றது.

மறுபடி துடைத்தார், மறுபடி மாட்டினார். சார்ஜரை மாற்றினார். ஒரு விளக்குகூட மினுங்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் போர்டின் ஓரத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது தெரிந்தது. போன வாரம் அடித்த மழையில் ஜன்னலோர அலமாரி நனைந்திருந்தது. அன்றைக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த லேப்டாப்புகளையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தவர், இதன் மேல்பக்கத்தை மட்டும் துணியால் ஒற்றிவிட்டு அங்கேயே வைத்துவிட்டார்.

போர்டு போய்விட்டது. அவருடைய வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது.

படங்களெல்லாம் இருக்கிற டிஸ்கைத் தனியாகக் கழற்றினார். அதன் இணைப்புப் பல்வரிசையிலும் ஈரம் ஏறியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, காயத்தைத் துடைப்பதுபோல ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் வரவில்லை. பிடுங்கிக் காயவைத்து மறுபடி செருகினார். வரவில்லை. ஊரில் எத்தனையோ பேருடைய கல்யாணப் படங்களை, அப்பாவின் பென்ஷன் தாள்களை மீட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் தடவை திரையின் மூலையில் டிஸ்கின் பெயர் தலைகாட்டியது. அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

படங்கள் பூட்டில்லாமல்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சாக்பீஸ் தூசி ஒட்டிய மூக்கோடு மனைவி. மரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு மனைவி. மழையில் பாதி நனைந்து, ஒரு கண்ணை மூடிச் சிரிக்கிற மனைவி. எல்லாமே நல்ல படங்கள். எல்லாவற்றிலும் அவள் நேராகப் பார்த்தாள், படம் எடுத்தவளை. அது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

தேடித் தேடி, தான் எடுத்த ஒன்றைக் கண்டுபிடித்தார். போன வருஷம் புதுப் பீரோ வந்தபோது அதன் முன்னால் நிற்கச் சொல்லி எடுத்தது. அதைத் திரையில் வைத்து மாமியாரைக் கூப்பிட்டார்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது வேணாம் மாப்பிள்ளை. உம்முன்னு இருக்கா. பீரோவை வாங்க வந்தவ மாதிரி இருக்கு." அவரே சுட்டியைப் பிடித்து நகர்த்தி, மழைப் படத்தில் நின்றார். நீண்ட நேரம் நின்றார். "இதுதான் என் பொண்ணு," என்றார். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு, "இதையே சின்னவன்கிட்ட குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் அந்தப் படத்தை மச்சானுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கதவருகே ட்ராயிங் டீச்சர் நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"டிஸ்க் தெரியுதாமே. அம்மா சொன்னாங்க." தயங்கினாள். "புஸ்தகம் இருக்கா அண்ணா?"

அந்த 'அண்ணா' எப்போதும்போல அவருக்குச் சுருக்கென்றது. "ஒரு ஃபோல்டர் இருக்கு. பூட்டியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

சொன்ன தொனி அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. "பசங்க ஒருதடவை பரீட்சைக் கேள்வித்தாளை எடுத்துட்டாங்க. அதுலேர்ந்துதான் பூட்ட ஆரம்பிச்சா," என்றாள். "நான் போடறேன்."

அவர் எழுந்து இடம் விட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சொந்த வீட்டில், சொந்த மேஜையில், மனைவியின் பூட்டை வேறொருத்தி திறக்கும்போது இப்படித் திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. தட்டும் சத்தத்தை எண்ணினார். பதினொன்று.

"வந்துடுச்சு."

முப்பது பாடங்கள். ஒவ்வொன்றிலும் மனைவியின் குட்டிக் குட்டி வாக்கியங்கள், பக்கத்தில் இவளுடைய படங்கள். பின்னத்தைக் கண்டு பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு யானை. பூஜ்யத்துக்குள் குடியிருக்கும் எலி. ஒரு இடத்தில் அவருக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஒரு பாடம்தான் மிச்சம், கடைசிப் பாடம். அதை அவதான் எழுதணும்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பேப்பர்லயாவது எழுதிக் குடுடீன்னு கேட்டுட்டே இருந்தேன். என்ன அவசரம், மெஷின் வரட்டும், அவர் கைக்குப் போயிடுச்சுல்ல, சரியாத்தான் வரும்னா."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர். அது அன்னைக்கே சரியாயிடுச்சு."

அவள் திரும்பினாள்.

"பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. நான்தான் திரும்ப ஒண்ணைக் கழட்டி வச்சேன். பார்ட் வரணும்னு பொய் சொன்னேன்." "நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது எனக்குத் தாங்கல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வாரம்," என்றாள் கடைசியில்.

"ம்."

"அந்தப் பாடம் முடிஞ்சிருக்கும்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"நானும் சொல்லிடறேன்." அவள் குரல் கறாராக இருந்தது, ஆறுதல் சொல்கிற குரல் இல்லை. "அந்த மூணு வாரமும் சாயங்காலம் அவ என்கூடப் பேசவே இல்ல. போன் பண்ணா, சீட்டாடிட்டிருக்கோம், அப்புறம் பேசறேன்னு வச்சிடுவா. மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல வந்து அதே கதைதான். நேத்து மனுஷன் என்னை ஏமாத்தி ஜெயிச்சாரு, ஜோக்கரை மடியில ஒளிச்சு வச்சிருந்தாரு, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எனக்கு எரியும். லேப்டாப் எப்ப வரும்னு நான் கேட்டது புஸ்தகத்துக்காக மட்டும் இல்ல."

ஜோக்கரை ஒளித்தது உண்மைதான். மனைவி பார்த்தது அவருக்குத் தெரியாது. சிரித்திருக்கிறாள், இவர் இல்லாத இடத்தில், இவரைப் பற்றி. அதையும் இவள் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"நேத்து..." என்றார். "கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"தலை வலிக்குதுன்னா. அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நெஜமாவே அவ்வளவுதான் அண்ணா," என்றாள்.

அவர் ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, 'நாங்க' முழுவதையும் நகலெடுக்கப் போட்டார். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு வந்தபோது வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் பேச்சு அடங்கி, அழுகை எழுந்தது.

வெளியே வந்தார்கள். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. டிரைவரும் மச்சானும் முன்பக்கத்துப் பிடிகள் இரண்டைப் பிடித்து ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தார்கள். பின்பக்கத்துப் பிடிகளில் ஒன்றை மெக்கானிக் பிடித்துக்கொண்டார். இன்னொன்றுக்கு உறவுக்காரர் ஒருவர் முன்னே வந்தார்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். ட்ராயிங் டீச்சர் கேட்டுக்குப் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"டீச்சர்," என்றார். "இதைப் பிடிங்க."

உறவுக்காரர் விலகிக்கொண்டார். அவள் வந்து பிடித்தாள். நான்கு பேரும் தூக்கினார்கள். அவள் குள்ளம், ஸ்ட்ரெச்சர் அவள் பக்கமாகச் சாய்ந்தது. வாசற்படி ஏறும்போது, போர்த்தியிருந்த வெள்ளைத் துணி அந்தப் பக்கம் நழுவப் பார்த்தது. மெக்கானிக் முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தன் கையை அவள் கை உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, அப்படியே நடந்தார்.