இடப்பக்கம் அரை அங்குலம்

கறுப்புக் கவுனுக்கு மேல் அப்பாவின் வேலை அங்கியை மாட்டிக்கொண்ட கோரின், அவருடைய பிக்கப் வண்டியின் முன்பக்க இடது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளவு நாடாவை இழுத்துப் பிடித்தாள். வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் உயரம். மூன்றாவது முறையும் அதேதான்.

"ரெண்டு மணிக்கு அடக்கம்," என்றார் வெண்டல் சித்தப்பா, கொட்டகை வாசலில் நின்றபடி. "அரை அங்குலம் யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"அப்பா கண்ணுக்குத் தெரியும்."

"அவரு பெட்டிக்குள்ள படுத்திருப்பாரும்மா."

"படுத்திருந்தாலும் தெரியும். பந்தயம் கட்டுறீங்களா?"

வெண்டலுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

தன்னைத் தன் வண்டியிலேயே கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா லேலண்ட் ராஸ்மசன் எப்போதோ சொல்லிவைத்திருந்தார். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பலர் அப்படித்தான் போனார்கள். வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதென்று, போன செவ்வாய்க்கிழமை தம்பி வெண்டலோடு சேர்ந்து முன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் உலோக வளையங்கள் வைத்து உயர்த்தினார். முன்னும் பின்னும் சமமாயிற்று. இடமும் வலமும்தான் ஆகவில்லை. அன்று மாலையே சோபாவில் மாரடைப்பு.

"வலப்பக்கம் ஒரு மெல்லிசு தகடு வெச்சுத் தூக்கிடுவோம். கோணல் போயிடும்," என்றார் வெண்டல்.

கோரின் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். இடது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை போல்ட்டில் மாட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் உறை முறுக்கிக்கொண்டு நின்றது. வலப்பக்கத்தில் முறுக்கே இல்லை.

"சித்தப்பா, இந்தப் பக்கம் போல்ட்டை யாரு இறுக்கினது?"

அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே கோரின் பேசினாள்.

"சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே இறுக்கியிருக்கு. வண்டியத் தரையில எறக்கி, எடை உக்காந்தப்புறம்தானே இறுக்கணும்? ரப்பர் முறுக்கிக்கிட்டு வண்டியக் கீழ வரவிடாமத் தூக்கிட்டு நிக்குது."

"அண்ணன், 'இருடா, வர்றேன்'னுதான் சொன்னாரு." வெண்டலின் குரல் மேலேயிருந்து மெதுவாக வந்தது. "வலப்பக்கம் அவரு முடிச்சிட்டாரு. நெஞ்சு கரிக்குதுன்னு தண்ணி குடிக்க உள்ள போனாரு. அதுக்குள்ள இதை நான் இறுக்கிட்டேன். வந்து அளந்து பாத்துட்டு, அறுபது வயசாகியும் ஒரு போல்ட்டு இறுக்கத் தெரியலையேடான்னு கத்தினாரு. போய்யா, நீயே பண்ணிக்கன்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

கோரின் வெளியே வந்து பெரிய ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே தளர்த்துங்க."

"கோட்டு போட்டிருக்கேனே."

"கழட்டுங்க."

அவர் உள்ளே நுழைந்தார். போல்ட் விட்டதும் இடப்பக்கம் ஒரு முனகலோடு கீழே இறங்கியது. அவரை வெளியே வரச் சொல்லிவிட்டு அவள் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரில் ஏறி நின்று குலுக்கினாள். அளந்தாள். இரண்டு பக்கமும் ஒன்று.

"இப்ப மறுபடி உள்ள போய் இறுக்குங்க."

ஸ்பேனர் ஓசை நின்ற பிறகும் வெண்டல் வெளியே வரவில்லை. கோரின் மணி பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மட்கார்டில் கை வைத்து நின்றாள்.

ஆறு பேர் பெட்டியை ஏற்றினார்கள். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. யாரும் அளக்கவில்லை. வெண்டல் ஓட்டினார், கோரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் எதிரே வந்த மாட்டு லாரி சாலையோரச் சரளையில் ஒதுங்கி நின்றது. ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். வெண்டல் பதில் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். லாரி பின்னால் போய் வெகுதூரம் ஆன பிறகும் அந்த விரல் இறங்கவில்லை.