ஹெட்லைட்டைக் கொஞ்சம் தூக்கி வை

பேக்கரிக்காரர் அந்தத் தாளை என் கையில் கொடுக்கவில்லை. வேலை மேசையில் ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்து, பறந்துவிடாமல் இருக்க ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கையும் அதன்மேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கோபமாக இருந்தால் அவர் இப்படித்தான் அளவுக்கு மீறி ஒழுங்காக நடந்துகொள்வார். நான் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். தகுதிச் சோதனை நிலையத்தின் முத்திரை. பிரேக் சரி, புகை சரி, டயர் சரி, ஸ்டியரிங் சரி. கடைசிக்கு முந்தின வரியில் சிவப்பு மையால் ஒரு வட்டம். வண்டி ஃபெயில்.

"போன வாரம்தானே தம்பி உன்கிட்ட சர்வீஸ் விட்டேன்" என்றார்.

இந்தக் கேள்விக்கு இதுவரை எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சர்வீஸ் வேறு, சோதனை வேறு. சர்வீஸில் நான் ஆயில் மாற்றுவேன், ஃபில்டர் மாற்றுவேன், தேயப்போகிற சாமானை அது தேய்ந்து நடுரோட்டில் கழுத்தறுப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பேன். வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடவேண்டும் என்பது என் கவலை. சோதனைக்காரர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எஞ்சினில் ஆயில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு, இந்த நிமிஷம், இந்த வண்டியை ரோட்டில் விடலாமா கூடாதா, அவ்வளவுதான். அதனால் வேளை தவறாமல் சர்வீஸ் பார்த்த வண்டி ஃபெயிலாகும். வருஷக்கணக்கில் பானெட்டையே திறக்காத வண்டி குளித்து முழுகிப் போய்ப் பாஸ் வாங்கிக்கொண்டு வரும். இதை நூறு பேருக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். ஆனால் என் கைபட்ட வண்டி ஃபெயிலாகி என் மேசைக்கே தாளாக வந்து சேர்ந்தபோது இந்த நியாயம் எதுவும் எனக்கு உதவவில்லை. காது சூடாகிவிட்டது.

வட்டத்துக்குள் இருந்தது இவ்வளவுதான்: முகப்பு விளக்குகள், ஒளியின் உயரம் அதிகம். கீழே கையெழுத்து என் மச்சானுடையது. என் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கும் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போகிறவன். பேக்கரிக்காரரை ஸ்டூலிலேயே உட்காரச் சொல்லிவிட்டு அவருடைய வேனை எடுத்துக்கொண்டு நேராகச் சோதனை நிலையத்துக்கு அவனிடம் போனேன். வழியெல்லாம் அவனுக்குச் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மச்சான் அவசரப்படவே இல்லை. கையிலிருந்த வண்டியை முடித்து அனுப்பிவிட்டு, சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வேனின் விளக்குக்கு முன்னால் நிறுத்தினான். என்னையே குனிந்து பார்க்கச் சொன்னான். பெட்டிக்குள் ஒரு கோடு இருக்கும். வெளிச்சத்தின் விளிம்பு அதற்குக் கீழே நிற்கவேண்டும். கோட்டைத் தாண்டி மேலே, நன்றாகவே மேலே நின்றது. அடுத்த விளக்கிலும் அப்படியே. தானாக அசைந்திருந்தால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும், இரண்டும் நூல் பிடித்தமாதிரி ஒரே அளவு ஏறியிருக்கிறதே, இது வேலை தெரிந்த ஆள் செய்த வேலை என்றான். பாராட்டுகிறானா கிண்டல் செய்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. வண்டிக்காரர் தூக்கி வைக்கச் சொன்னார், வைத்தேன், அதிலென்ன தப்பு என்று கேட்டேன்.

"நீங்க உள்ள உக்காந்து ஓட்டுறவருக்கு வேலை பார்க்கறீங்க அத்தான்" என்றான். "நான் எதிர்ல வர்றவனுக்கு வேலை பார்க்கறேன். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

வழியில் சொல்லிப் பார்த்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வேனில் ஏறினேன். திரும்பும்போது அவன் வேனின் கதவில் கையை வைத்து, "விளக்கை ஏத்தி இறக்கற ரெண்டு திருகும் கடைசி வரைக்கும் போயிருக்கு, பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன வருஷ சர்வீஸின்போது முதல் தடவை. எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது, அப்படியே ஹெட்லைட்டைக் கொஞ்சம் தூக்கி வை தம்பி என்றார். ரோடு சரியாகத் தெரியவில்லை, மாநகராட்சிக்காரன் தெருவிளக்கெல்லாம் அணைத்துவிடுகிறான் என்றார். தூக்கி வைத்தேன். அடுத்த சர்வீஸில் இன்னும் கொஞ்சம். போன வாரம் இன்னும் கொஞ்சம். அவர் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்புவது விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தானாகவே தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். பாரம் ஏற்றுகிறவன் விளக்கை இறக்கச் சொல்லவேண்டும், ஏற்றச் சொல்லக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இருபது வருஷ வாடிக்கை. கேட்டார், செய்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அது மட்டும் இல்லை. அவருடைய இடப்பக்கக் கண்ணாடியின் கூட்டை ஆறு மாதத்தில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். பம்பரின் ஓரத்தில் சிராய்ப்பு, பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். போன தடவை வேலைச் சீட்டை நீட்டினபோது, நீயே படித்துச் சொல், உன் கையெழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கிறது என்றார். நானும் சிரித்தேன். என் கையெழுத்து மோசம்தான், மனைவியே சொல்வாள். வண்டியில் எது தேயப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிற பெரிய ஆள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் பேசாமல் இரண்டு விளக்கையும் அளவுக்கு இறக்கினேன். மறுநாள் அவர் போய்ப் பாஸ் வாங்கிவிட்டார். ஃபோனில் சொன்னார். நல்லது அண்ணே என்று வைத்துவிட்டேன். கண்ணைப் பற்றி அப்போதே கேட்டிருக்கலாம். அது நம் வேலை இல்லையே என்று ஒரு சாக்கு கைவசம் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் இருட்டுகிற நேரத்தில் வேன் வந்து ஷெட்டுக்குள் நின்றது. இந்த முறை கோபம் எதுவும் இல்லை. ஒரு பொட்டலத்தில் இரண்டு பன் கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து புதுச் சான்றிதழை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"டெஸ்ட் முடிஞ்சுது. இனி ஒரு வருஷத்துக்கு ஒருத்தனும் கேக்க மாட்டான். பழையபடி தூக்கி வச்சிடு."

நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் மேசையைக் கிளறிக்கொண்டிருந்தேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. கண் டாக்டரிடம் காட்டினீர்களா அண்ணே என்று கேட்டேன். அவர் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிறகு சொன்னதெல்லாம் முன்னமே பலதடவை தனக்குள் சொல்லிக்கொண்டது போல வரிசையாக வந்தது. டாக்டரிடம் போனால் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அவளுக்கு ஓட்டத் தெரியாது. மகன் ஊரில் இல்லை. பதினேழு கடைக்கு விடிவதற்குள் ரொட்டி போகவேண்டும். இரண்டு நாள் போகாவிட்டால் அந்தக் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பாதை தலைகீழாகப் பாடம், கண்ணை மூடிக்கொண்டே போவேன் என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடிவதற்கு முன்னால் அந்த ரோட்டில் யார் யார் எதிரே வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பெருக்குகிறவர்கள் வருவார்கள். முதல் ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போகிற பெண்கள் வருவார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து நடந்து வருகிறவர்கள் வருவார்கள். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. இவரைத் தெரியும். என் மகள் பள்ளியில் சேர்ந்த நாளில் வகுப்பு முழுவதுக்கும் கேக் கொடுத்தவர். முடியாது என்று இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை; அடுத்த தெருவில் இன்னொரு மெக்கானிக் இருக்கிறான், அவனும் கேட்டதைச் செய்வான்.

"நான் என்ன சொன்னாலும் செய்வியே தம்பி. நீயும் டெஸ்ட்காரன் ஆயிட்டியா?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"தூக்கி வைக்கறேன் அண்ணே" என்றேன். "அளவை நீங்கதான் சொல்லணும். அங்க போய் நில்லுங்க."

ஷெட்டின் மறுகோடியில் ஷட்டரை இறக்கியிருந்தேன். அவர் அங்கே போய் அதன் முன்னால், போட்டோவுக்கு நிற்பதுபோல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மேலே எரிந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டு வேனின் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் அவருடைய முழங்காலுக்குக் கீழே நின்றது. பானெட்டுக்குள் கையை விட்டுத் திருகைத் திருப்ப ஆரம்பித்தேன். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம். வெளிச்சத்தின் விளிம்பு வேட்டியில் ஏறியது. போதுமா என்றேன். இன்னும் என்றார். இடுப்புக்கு வந்தது. இன்னும். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, பையில் மடித்து வைத்திருந்த சான்றிதழ் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்றார், முன்பைவிட மெதுவாக. கழுத்துக்கு வந்தபோது திருகு கடைசியைத் தொட்டுவிட்டது. முன்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்து இரண்டு அழுத்து அழுத்தினேன், பாரம் ஏறினால் வண்டி நிற்கிற மாதிரி. வெளிச்சம் அவர் முகத்தில் முழுசாக விழுந்தது.

அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. கண்ணைச் சுருக்கினார். கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை. நான் ஜாக்கியை அப்படியே விட்டுவிட்டு, சுவர் ஓரமாக நடந்து அவர் பக்கம் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்; அப்படி ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஓரடி முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் போய் நின்றேன். என் தோளிலும் அந்த வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. சட்டையில் இருந்த கிரீஸ் கறைகூட எனக்குத் தெரிந்தது.

அவர் வேனைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்" என்றார் அங்கே பார்த்து. பிறகு கையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குள் தலையை நீட்டி, மறுபடியும் கேட்டார்.

"இருக்கியா?"

அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது.