மச்சான் கரையில் நங்கூரம்

தெரிக்கிக்கு வயது அறுபத்தாறு. அவருடைய பாய்மரப் படகுக்கு எட்டு மாதம். முப்பது வருஷம் கொப்பரைக் கப்பலில் சுக்கான் பிடித்து ஓய்ந்த மனுஷன், மூன்று வருஷம் இழைத்து இழைத்துக் கட்டிய படகு. அதைப் பார்க்கிற பார்வையில் பாதி என்மேல் விழுந்திருந்தால் இன்னும் நாலு பிள்ளை பெற்றிருப்பேன் என்று அவர் மனைவி ஹினாராவா தேவாலய வாசலில் நின்றே சொல்வாள்.

அன்று மத்தியானம் வானொலியில் மராமு வருகிறது என்றார்கள். தென்கிழக்கிலிருந்து மூன்று நாள் மூச்சு விடாமல் அடிக்கும் காற்று அது. போன தடவை அடித்தபோது பாதிரியாரின் கோழி பறந்துபோய் அடுத்த தீவில் முட்டையிட்டது.

படகு நின்றதோ, பவளத் தீவு வளையமாகச் சூழ்ந்த காயலின் வடமேற்குக் கரையில், தெரிக்கியின் சொந்தத் தோப்புக்கு எதிரே. அந்தத் தீவில் எல்லாரும் அவரவர் குடும்ப நிலத்துக்கு முன்னால்தான் நங்கூரம் போடுவார்கள். அது மானப் பிரச்சினை. மராமு காயலின் குறுக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவந்து, அந்த மானத்தையும் படகையும் சேர்த்துப் பாறையில் அறையும். எதிர்க்கரையில் தென்னை மறைவில் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடக்கும். ஆனால் அது ஹினாராவாவின் அண்ணன் புனுவாவின் நிலம். பதினோரு வருஷம் முன்பு ஒரு சூரை மீன் இரண்டு பேர் தூண்டிலையும் சேர்த்து விழுங்க, யார் பிடித்தது என்று கிளம்பிய சண்டையில் மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை விட்டவர்கள்.

தெரிக்கி இங்கேயே இன்னொரு நங்கூரம் போட்டுச் சமாளிக்கலாம் என்று இழுத்தார். ஹினாராவா பாயை அவிழ்த்துவிட்டாள்.

"மானத்துல மிதக்கப் போறியா, படகுலயா? சுக்கானப் பிடி."

வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். சூரியன் தாழ்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் பாறை தெரியாது. ஹினாராவா படகின் முன்முனையில் நின்று கையைக் காட்டக் காட்ட, படகு பழுப்புப் பாறைத் திட்டுகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஓடியது. தெரிக்கிக்கு நெஞ்சு மேளம் கொட்டியது. பயம் கால்வாசிதான், மீதி முக்கால்வாசியும் குஷி.

எதிர்க்கரையில் வெளிர்நீலமாக ஒரு மணல் திட்டு, அறை அளவுக்கு. நங்கூரம் அதில் சரியாக விழுந்தது. எஞ்சினைப் பின்னோட்டி இழுத்ததில் ஆணி அடித்ததுபோல ஊன்றியது. ஆனால் சுற்றிலும் பவளப்பாறைகள். படகு திரும்பத் திரும்ப அடியில் கிடக்கும் சங்கிலி அவற்றில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்றக் குட்டையாகும். பெரிய அலை ஒன்று தூக்கினால் அறுந்துவிடும். சங்கிலியை இடையிடையே மிதவை கட்டித் தூக்கி நிறுத்த வேண்டும். முத்துப் பண்ணைக்காரன் புனுவாவிடம் மிதவைகள் ஒரு மலை. தெரிக்கியிடம் ஒன்றுகூட இல்லை.

அதற்குள் ஓடத்தில் துடுப்புப் போட்டு வந்துவிட்டார் புனுவா. ஓடம் நிறைய மிதவை. நாலு முழம் தள்ளி நிறுத்திக்கொண்டு, தென்கிழக்கில் கறுத்து வரும் வானத்தை ரசித்தார்.

"என்ன மாப்ளே, வழி தவறிட்டியா?"

தெரிக்கி மிதவை வேண்டும் என்றார், தொண்டையில் முள் சிக்கினவர் மாதிரி.

"தரலாம். அந்த மீன் யாரு மீனு?"

முதல் காற்று வந்து பாய்க்கயிறுகளை விசிலடிக்க வைத்தது. படகு மூக்கைத் திருப்பியது. கீழே சங்கிலி பாறையில் உரசுகிற அதிர்வு தெரிக்கியின் உள்ளங்காலில் ஏறியது; பல்லில் மணல் கடிபட்டதுபோல.

"உன் மீன்தான் மச்சான்," என்றார். "தூண்டில் என்னுது. மீன் உன்னுது."

"பாதி ஒத்துக்கிட்டான்," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, ஆமைக்குத் தாத்தா மாதிரி தண்ணீரில் குதித்தார் புனுவா. தெரிக்கி பின்னாலேயே குதித்தார். ஏழு மிதவை. ஒருவர் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்க மற்றவர் முடிச்சுப் போட்டார். நூற்று முப்பத்து நாலு வயது இரண்டு பேரும் சேர்த்து. மூச்சடக்கியதில் மீன்களே கவலைப்பட்டிருக்கும்.

மேலே ஏறியபோது மராமு முழுசாக இறங்கிவிட்டது. புனுவாவால் ஓடத்தில் திரும்ப முடியாது. மூவரும் தளத்தில் உட்கார்ந்து, ஹினாராவா தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டபடி, படகு நழுவுகிறதா என்று கரையில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்ற இரண்டு தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலி மிதவைகளில் தொங்கியபடி பாறைகளுக்கு மேலே நீந்தியது.

"மரம் விலகின மாதிரி இருக்கே," என்றார் தெரிக்கி.

"என் தோப்பு மரம் எங்கயும் போகாது மாப்ளே. நீயும் போகல. வாய மூடிட்டுச் சாப்பிடு."