அடி பட்ட ஸ்டாண்டு

அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோலக் காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. தையல்நாயகி ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புடவைக்கு மேலாக வயிற்றை அழுத்தியபடி சைக்கிள் கடை வாசலில் நின்றாள். நிற்கும்போதுதான் வலி அதிகம். கடைப் படியில் உட்காரலாம் என்றால் சைக்கிளை விட முடியாது. விட்டால் விழுந்துவிடும். அதைச் சொல்லத்தான் சேலையூரிலிருந்து தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

சேலையூர்ப் பக்கம் புதிதாக வந்த காலனிகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வயல்வெளிப் பம்ப்செட்டிலிருந்து குடிதண்ணீர் கொண்டுபோய் வீடு வீடாக ஊற்றுவது அவள் பிழைப்பு. குடத்துக்கு எட்டணா. புருஷன் படப்பையில் வேறொருத்தியோடு இருந்தான். பதினைந்து வருஷம் இடுப்பில் குடம் வைத்து நடந்ததில், போன மாதம் கர்ப்பப்பை இறங்கி வெளியே தலைகாட்டியது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதை உள்ளே தள்ளி, மறுபடி இறங்காமலிருக்க ஒரு ரப்பர் வளையத்தை வைத்து அனுப்பினாள். இனி குடம் தூக்கக் கூடாது, தூக்கினால் வளையம் நிற்காது என்றாள்.

தூக்காமல் தள்ளிக்கொண்டு போகத்தான் இந்தப் பழைய சைக்கிள். பின்பக்கம் இரும்பு வளையங்கள் பற்றவைத்து, நாலு குடம் தொங்குகிற மாதிரி செய்திருந்தாள். முந்நூறு ரூபாய் கொடுத்தது காலனி வீட்டு சாவித்ரியம்மா. வட்டியில்லை. குடம் எட்டணா மேனிக்குத் தண்ணீராகவே கழிக்க வேண்டும். அறுநூறு குடம்.

கடைக்காரர் துரைராஜ் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ரயில்வே லைனை ஒட்டியிருந்த அப்பாவின் நிலத்தை மனை போட்டு விற்ற பணத்தில் வைத்த கடை.

"இன்னாம்மா, திங்கக்கெழமதானே ஸ்டாண்டு மாட்டிக்கினு போன?"

"நிக்கலண்ணா. வெறும் வண்டின்னா நிக்குது. கொடம் ஏத்துனா ஒரு காலு வெளிய போயிடுது. அப்பிடியே சாயுது."

"நாலு கொடம் ஏத்துனா லாரிகூடத்தான் சாயும்."

காற்றடிக்கிற பம்பு வாங்க வந்து நின்ற ஒருவன் சிரித்தான்.

"தண்ணி வண்டிக்குன்னு சொல்லித்தானே வாங்குனேன்? ரெட்டக்காலு ஸ்டாண்டு குடுன்னு கேட்டனே?"

"எண்ணிப் பாரு. ரெண்டு காலு கீதா இல்லியா?"

மறுபடியும் சிரிப்பு. தையல்நாயகி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இது லேடீஸ் வண்டி ஸ்டாண்டாம். நம்ம வண்டிக்குச் சேராதாம். உங்க ஆளுதான் சொன்னாரு."

சொன்னவன் கடை மெக்கானிக் வில்பிரட். திங்கட்கிழமை மாட்டும்போது ஸ்டாண்டின் காதுத் துளை பின்சக்கர அச்சில் ஏறவில்லை. பெரிய சைஸ் சரக்கு வரவில்லையே என்று அவன் நிமிர்ந்து பார்த்தபோது, "அடிச்சி ஏத்துடா, செட்டாயிடும்" என்று துரைராஜ்தான் உள்ளேயிருந்து கத்தினார். வில்பிரட் சுத்தியலை எடுத்துக் காதை விரித்து அடித்தான். இன்றைக்கு அவன் வாசலோரம் குந்தி, ஒரு சக்கரத்தின் ஆரக்கம்பிகளை முடுக்கிக்கொண்டிருந்தான்.

துரைராஜ் எழுந்து வந்து குனிந்தார். ஸ்டாண்டின் காதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத பாரு. சுத்தியலு அடி. பெயிண்டு பேந்துகினு கீது. அடி பட்ட சாமான கம்பெனிக்காரன் எட்த்துக்க மாட்டான். நானும் எட்த்துக்க மாட்டேன்."

"அடிச்சதே உங்க ஆளுதானே?"

"அவன் சும்மா அடிப்பானா? டேய் வில்பிரட், யார்ரா அடிக்கச் சொன்னது?"

வில்பிரட் தலையைத் தூக்கவில்லை. "அந்தம்மாதான் சார். அவசரமாப் போவணும், அடிச்சாவது மாட்டிக் குடுன்னுச்சி."

"அண்ணா, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. நானா சொன்னேன்?"

அவன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கோட்டமிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

அந்த நேரத்தில் சுப்ரமணியன் வந்தார். சாவித்ரியின் புருஷன், பாரிமுனையில் பாங்க் உத்தியோகம். மகனுக்கு வாங்கிய சைக்கிள் பெல் கையிலிருந்தது. ஹேண்டில்பாரில் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்.

"குடுங்க சார், மாத்திட்டாப் போச்சு," என்று துரைராஜ் வாங்கிக்கொண்டார். பெல்லின் மண்டையில் ஸ்க்ரூ டிரைவர் இழுத்த கோடு. துணியால் துடைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார்.

"அதுலயும்தான் கீறல் கீது," என்றாள் தையல்நாயகி.

"உங்கிட்ட பேசல. சார் நம்ம ரெகுலர் கஸ்டமர்."

அவள் சுப்ரமணியன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். அம்மா குடுத்த துட்டுலதான் வாங்குனது."

சுப்ரமணியன் பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். நன்றாக ஒலித்தது. "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. கடைக்காரர்கிட்ட எதுக்கு சண்டை? சாயங்காலம் தண்ணி வந்துடும் இல்ல? வீட்ல கெஸ்ட் வராங்க."

அவர் போனபின் துரைராஜ் கொஞ்சம் இறங்கி வந்தார். "புதுசு வாங்கிக்கோ. அஞ்சு ரூபா கொறச்சுக்கறேன். இத எடைக்குப் போட்டுக்கறேன்."

"துட்டு இல்லண்ணா."

"அப்ப தண்ணி ஏத்தசொல்ல நீயே பக்கத்துல நின்னு பிடிச்சுக்கோ. கல்லாட்டம் கீற. உனக்கெதுக்கு ஸ்டாண்டு?"

பம்பு வாங்கினவன் இந்தத் தடவை சத்தமாகவே சிரித்தான். வில்பிரட்டும் சிரித்தான்.

சாயங்காலம் பம்ப்செட்டில் வண்டியைச் சாத்திவைக்க ஒரு சுவர் கிடையாது. பம்ப் ரூமைச் சுற்றிக் காவலுக்கு முள் அடைத்திருந்தார்கள். மற்ற பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கரண்ட் போகிற நேரம். தையல்நாயகி நாலு குடத்தையும் நிரப்பினாள். சைக்கிளை இடுப்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டு, கை எட்டுகிற பக்கத்து வளையங்களில் ஒன்று, இரண்டு என்று மாட்டினாள். மூன்றாவதை சீட்டுக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கும்போது ஸ்டாண்டின் கால் விலகியது. முன்சக்கரம் எழும்பித் திரும்பி, வண்டி அவள் மேலேயே சாய்ந்தது. தள்ளிவிடாமல் பிடித்தாள். பிடித்ததில் உள்ளே ஏதோ அறுந்தாற்போல ஒரு வலி. முழங்கால் மடங்கி, குடங்களோடும் வண்டியோடும் வரப்பில் விழுந்தாள்.

இரண்டு பிளாஸ்டிக் குடம் வெடித்துப்போயிற்று. தொடைக்கு நடுவே சூடாக வழிந்தது. எழுந்து முள் மறைவுக்குப் போய்க் குந்தினாள். ரப்பர் வளையம் நழுவிக் கையில் வந்தது. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உள்ளங்கையால் உள்ளே தள்ளினாள். வளையத்தை வாய்க்கால் தண்ணீரில் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு ஏற்றாமல் தரையில் நிறைந்து நின்ற நாலாவது குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். இன்னொரு கையால் சைக்கிளைத் தள்ளினாள். அங்கேயே போட்டுவிட்டு வந்தால் திரும்பி வரும்போது இருக்காது.

சாவித்ரி வீட்டு வாசலில் சைக்கிளைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்தாள்.

"தையல், அங்க சாத்தாத! இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு," என்று ஜன்னலிலிருந்து சாவித்ரியின் குரல் வந்தது.

அவள் சைக்கிளை எடுத்துத் தெருவில் படுக்கப்போட்டாள். உள்ளே போய்க் குடத்தை இறக்கினாள். சாவித்ரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, முக்கால் குடம்கூட இல்ல. வழியெல்லாம் சிந்திட்டு வந்தியா? இதைக் கணக்குல சேர்க்காத."

"சரிம்மா."

"இன்னும் மூணு வேணும். சீக்கிரம்."

தையல்நாயகி தண்ணீரை டிரம்மில் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தை மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். முந்தானை முடிச்சு நனைந்து தொடையில் இடித்தது.

பத்துக் குடம் கழிந்திருந்தது. சாவித்ரிக்கு அவள் இன்னும் ஐந்நூற்றுத் தொண்ணூறு குடம் தர வேண்டும்.