கேமராவுக்கு எடுத்த கணக்குப் பாடம்

எங்க பள்ளிக்கூடத்துல வேலை பார்க்குற டீச்சரோட பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. அந்த ஒரு சலுகைக்காகத்தான் அவங்க குடுத்த சம்பளத்துக்கு இத்தனை வருஷமா கணக்குப் பாடம் எடுத்துத் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேன். என் பொண்ணும் அங்கேயே படிச்சுக் கடைசி வகுப்புக்கு வந்துட்டா. இந்த ஒரு வருஷம் தாண்டட்டும், அப்புறம் அந்த வாசப்படியை மிதிக்கவே கூடாதுன்னு இருந்தேன்.

போன லீவுல தாளாளர் டீச்சருங்க எல்லாரையும் கூப்பிட்டு, "உங்க பாடத்தையெல்லாம் வீடியோவா எடுத்து வெச்சுடலாம். லீவு போட்ட பிள்ளைங்க பார்த்துக்கும்"னார். லேப்ல கறுப்புத் துணி கட்டி கேமரா வெச்சாங்க.

வீடியோன்னதும் எனக்குத் தலைகால் புரியல. ஒவ்வொரு கணக்கையும் நிதானமா, ரெண்டு விதமாப் போட்டுக் காட்டினேன். பிள்ளைங்க எங்கே சறுக்குமோ அங்கே நானே தப்பாப் போட்டு, "இப்படிப் போட்டா மார்க் போச்சு"ன்னு சிரிச்சேன். பிடிக்கலைன்னா மறுபடி முதல்ல இருந்து எடுத்தேன். சயின்ஸ் சாருக்கு நாங்க வெச்ச பேரு தூங்குமூஞ்சி. அவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, போர்டுகிட்ட முணுமுணுத்துட்டு வந்துட்டார். "ஏன் சார் இப்படி ஏனோதானோன்னு?"ன்னு கேட்டேன். "நம்ம வேலையை நாமதான் காப்பாத்திக்கணும் டீச்சர்"னார். எனக்கு உறைக்கல. மனுஷனுக்குப் பொறுப்பே இல்லைன்னு ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தாளாளர் என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"உங்க வீடியோ அருமை டீச்சர். கணக்குக்கு இனிமே ஆளே தேவையில்ல. சயின்ஸ் சாரோடதுதான் ஒண்ணும் விளங்கல. அவர் இருக்கட்டும்."

"அப்போ என் பொண்ணு?"

"வேலையில இருக்கிறவங்க பிள்ளைக்குத்தானே சலுகை." பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டினார். "வகுப்பைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். வீடியோ போடணும், சத்தம் வராமப் பார்த்துக்கணும். சம்பளம் பாதிதான். பாடம் மட்டும் எடுக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு சொன்னா பிள்ளைங்க குழம்பிடும்."

அந்த ரெண்டு ஆளும் நான்தானய்யான்னு வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். குடுமி அவர் கையில இருக்கு. சரின்னு தலையாட்டினேன்.

"நான் வேற ஸ்கூலுக்குப் போயிடுறேன்மா. உனக்கு எதுக்கு இந்த அசிங்கம்?"னு என் பொண்ணு கேட்டா.

"கடைசி வருஷத்துல எவன்டி சேர்த்துப்பான்? வாயை மூடிட்டுப் படி."

இப்போ வகுப்புக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன். எதிர்ச் சுவத்துல நான் பாடம் எடுக்குறேன், சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தா எனக்கே அறையணும் போல இருக்கு. கதவுக்கு மேல ஒரு கேமரா. தாளாளர் தன் ரூம்ல இருந்தே எங்களைப் பார்ப்பார்.

நேத்து என் பொண்ணு கை தூக்கினா. திரும்பி என்னைப் பார்த்து, "மிஸ், ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?"ன்னா.

சுவத்துல இருந்தவ நிக்காம அடுத்த வரிக்குப் போயிட்டா. ஒரு நிமிஷம் போதும் எனக்கு, புரிய வெச்சிடுவேன். வகுப்பே என் வாயைப் பார்த்துச்சு. எந்திரிச்சு அவ பெஞ்சுகிட்ட போனேன்.

"கையை இறக்கு. பேசாம வீடியோவைப் பாரு"ன்னேன்.