ஏணிக்கு ஒரே ஒரு பொத்தான்

பதுளை பஸாரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பனியில் மொத்தம் இரண்டே பேர். ஒருத்தி நிலுக்ஷி, மற்றவன் றொனி. அவர்கள் செய்த மென்பொருளுக்கு 'ஏணி' என்று பெயர். வெப்சைட் முகவரியை அதில் போட்டால், கூகிளில் தேடும்போது அந்த வெப்சைட் ஏன் பின்னுக்குக் கிடக்கிறது, முன்னுக்கு வர என்ன செய்ய வேண்டும் என்று ஏணி சொல்லும். சொல்லும் என்பது றொனியின் நம்பிக்கை. உண்மையில் அது நாற்பத்தொரு வரைபடங்களைக் காட்டும். சில வரைபடங்கள் சுற்றவும் செய்யும்.

மூன்று வருஷத்தில் அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு தடவை திறந்து பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. விஜயலெட்சுமி மட்டும் தினமும் காலையில் ஏணியைத் திறந்தார். கொஸ்லந்தயில் தன் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர் அவர். அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள நிலுக்ஷி ஒரு நாள் பஸ் ஏறி, பெரகலயில் மாறி, அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"வாங்க தங்கச்சி! இத பாருங்க மொதல்ல," என்று விஜயலெட்சுமி சுவரைக் காட்டினார். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஏணியின் முதல் பக்கம் அச்சடித்துத் தொங்கியது. நடுவில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் 87.

"நூத்துக்கு எம்பத்தேழு! எங்க வீட்ல யாரும் இவ்வளவு மார்க்ஸ் எடுத்ததில்ல. ஆனா ஒரு நாய்கூட வந்து தங்கல, அதுதான் வெளங்கல."

நிலுக்ஷி கிட்டப் போய்ப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே, எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் 'பிழைகள்' என்று இருந்தது. அந்த எழுத்தின் அளவைத் தீர்மானித்தது அவளேதான்.

"அக்கா... அது மார்க் இல்ல. பிழை."

"எம்பத்தேழா?"

"ஆமாங்க."

விஜயலெட்சுமி சட்டத்துக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அக்கம்பக்கத்துல உள்ளவங்களுக்கெல்லாம் காட்டினேனே! அதுல ஒரு இஸ்கூல் டீச்சர் வேற கை குடுத்துட்டுப் போனாங்க."

நிலுக்ஷியும் சிரித்தாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு முகம் சுட்டது.

மறுநாள் அவள் றொனியிடம், "எல்லாத்தையும் கழட்டுவோம்," என்றாள். "முகவரி போட ஒரு கட்டம். ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினா, இன்னைக்கு செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் வரணும். நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல."

றொனி திரையை ஒரு கையால் மறைத்துக்கொண்டான். "அந்தச் சுத்துற வட்டத்தை மட்டும் வச்சிக்குவோமே."

"அது என்ன சொல்லுது?"

றொனி யோசித்தான். "அழகா சுத்துது."

இரண்டு மாதம் வேலை செய்தார்கள். சண்டையும் போட்டார்கள். புது ஏணியை முதலில் விஜயலெட்சுமிக்கே அனுப்பினார்கள். அவர் பொத்தானை அமுக்கியதும், 'உங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரே இல்லை. முதல் வரியில் எழுதுங்கள்' என்று வந்தது. பார்த்தால், ரோஜாப்பூ படமும் 'நல்வரவு' என்ற சொல்லும்தான் அங்கே இருந்தன. அவர் 'கொஸ்லந்த' என்று சேர்த்தார். பத்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு ஜோடி, கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு, தங்க வருவதாகப் போன் எடுத்தது.

அந்தச் சந்தோஷத்தில் புது ஏணியின் வெளியீட்டு விழாவுக்கு அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். டியூஷன் வகுப்பு நடக்கும் மண்டபம் ஒன்றில், மாணவர் பெஞ்சுகளில் இருபது வியாபாரிகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். றொனி பேசி முடித்ததும் டயர் கடை ஷுக்ரி கை தூக்கினார்.

"தம்பி, ஒங்கட வெப்சைட்டைப் போட்டுக் காட்டுங்களேன்."

றொனி பெருமையோடு முகவரியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினான். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரியவில்லை.'

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. றொனியின் காது சிவந்தது. 'எல்லைகளைக் கடக்கும் எதிர்காலத் தீர்வுகள்' என்று அந்த வெப்சைட்டில் எழுதி வைத்தவன் அவன்தான். நிலுக்ஷிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

விஜயலெட்சுமி எழுந்தார். "இதுக்கு ஏன் முழிக்கிறீங்க? நான் சொல்றேன், அடிங்க. 'நாங்க பதுளையில இருக்கோம். கூகிள்ல ஒங்க கடையத் தேடினா முன்னுக்கு வர வழி சொல்லுவோம்.' அவ்வளவுதானே?"

றொனி அப்படியே அடித்தான். மறுபடி அமுக்கினான். 'இன்றைக்கு இது போதும்' என்று பச்சையில் வந்தது. கைதட்டல் எழுந்தது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் ஷுக்ரி. தட்டி முடித்ததும் முன்னால் வந்து தன் டயர் கடையையும் பார்க்கச் சொன்னார்.

'உங்கள் போன் நம்பர் எங்கும் இல்லை,' என்றது ஏணி.

"தெரியும். நான்தான் போட வாணாம்னு சொன்னேன். ஆளுங்க கண்ட நேரத்துல போன் எடுப்பாங்க."

"அப்ப எதுக்குங்க வெப்சைட்?" என்று நிலுக்ஷி கேட்டாள்.

"எல்லாரும் வச்சிருக்காங்களே!"

அன்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஷுக்ரியும் சேர்ந்தார். நம்பரைப் போடுவதா என்று மட்டும் வீட்டில் மனைவியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.